சமூகவியலை உங்கள் ஊரிலிருந்தே படிப்பது எப்படி?

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் சமூகவியல் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பி.ஏ. முதலாம் ஆண்டு. மீதிப்பேர் யூ.பி.எஸ்.சி. மெயின் தேர்வுக்கு இதை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள். தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்கள்தான். வந்து உட்கார்ந்ததும் கைடைத் திறந்து, "சமூகம் என்பது சமூக உறவுகளின் வலைப்பின்னல்" என்று ஒப்பிப்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் மெக்கைவர் என்று சரியாகச் சொல்வார்கள். சரி, உன் தெருவில் அந்த வலைப்பின்னலை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்முறை, அதாவது மொய்யும் சீரும், செய்ய வேண்டும், எந்தத் தெரு வழியாகச் சவ ஊர்வலம் போகும், எந்தத் தெரு வழியாகப் போகாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஆனால் அதற்கும் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லித் தரும் முறை இதுதான். ஒவ்வொரு சிந்தனையாளரையும் அவர் கேட்ட ஒரு கேள்வியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் கேட்டுப் பாருங்கள். எதுவரை பதில் வருகிறது, எங்கே வராமல் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். நின்ற இடத்தில் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். வரையறைகள் தானாக மனதில் ஏறும்.

முதலில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போங்கள்

காதணி விழாவாக இருந்தால் நல்லது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் உறவு இருந்தால் பத்திரிகை வீடு தேடி வரும். பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடாமல், மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

மேஜையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம், கற்கண்டு. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். பக்கத்தில் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் நீள நோட்டில் எழுதுவார்: முதலில் ஊர், அப்புறம் அப்பா பெயர், அப்புறம் கொடுப்பவர் பெயர், கடைசியில் தொகை. 500 என்று எழுத மாட்டார்கள், 501தான். இப்போது பல மண்டபங்களில் நோட்டு இருந்த இடத்தில் லேப்டாப்பும் ரசீது பிரிண்டரும் இருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் வாசலில் கொட்டுச் சத்தம் கேட்கும். தாய்மாமன் சீர் வருகிறது. தட்டுத் தட்டாகப் பழம், புதுத்துணி, மாலை போட்ட கிடா. மைக்கில் மாமன்மார் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கருத்து எதுவும் வேண்டாம். யார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், யார் பெயர் மைக்கில் வந்தது, யார் கவரை மேஜையில் கொடுத்தார்கள், யார் வீட்டுக்காரரின் கையிலேயே கொடுத்தார்கள், நோட்டில் பெண்கள் பெயர் எத்தனை. அவ்வளவுதான் முதல் வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு பாடப் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களைத் திறங்கள். தகுதிநிலை, பங்கு, நெறிமுறை, குழு என்று இருக்கும். தாய்மாமன் என்பது ஒரு தகுதிநிலை. பிறப்பால் கிடைத்தது, கேட்டு வாங்கியதில்லை. அதே மனிதர் வங்கி மேலாளராக இருந்தால் அது உழைத்து அடைந்த தகுதிநிலை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் ரால்ஃப் லிண்டன், 1936இல். மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதும் சீர் கொண்டுவருவதும் அவருடைய பங்கு. மச்சான் வந்து வங்கியில் கடன் கேட்டால் மேலாளர் என்ற பங்கும் மாமன் என்ற பங்கும் மோதிக்கொள்ளும். அதுதான் பங்கு முரண்பாடு. மொய் செய்யாமல் விட்டவரைப் பற்றி அடுத்த விசேஷத்தில் காதுபடப் பேசுவார்கள். போலீஸ் வராது, கேஸ் கிடையாது, ஆனாலும் அது தண்டனைதான். நெறிமுறை, அதை மீறினால் சமூகம் தரும் தண்டனை என்ற இரண்டு பாடமும் இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு மாணவி, உசிலம்பட்டிப் பக்கம், தன் அப்பத்தா பற்றிச் சொன்னாள்: "டீச்சர், எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா யார் வீட்டுக்கு எவ்வளவு வச்சோம், அவங்க எவ்வளவு திருப்பினாங்கன்னு நோட்டைப் பார்க்காம சொல்லும்." இதை நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். நோட்டில் பெயர் ஆணுடையது. கணக்கையும் உறவையும் ஞாபகத்தில் வைத்திருப்பது பெண். ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் பேட்டி எடுத்து, வீட்டு வேலையையும் வேலையாகவே ஆராய வேண்டும் என்று 1974இல் வந்த நூலில் காட்டினார். அந்த அப்பத்தா செய்வதும் வேலைதான். அதற்குக் கூலியும் இல்லை, நோட்டில் இடமும் இல்லை.

மார்செல் மோஸ் கேட்ட கேள்வி

மொய் நோட்டுக்குப் பொருத்தமான ஆள் மோஸ். 1925இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் அவர் கேட்டது: பரிசு என்று கொடுத்ததை ஏன் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது? பசிபிக் தீவுகள், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை, பழைய ரோமானியச் சட்டம், இந்திய நூல்கள் என்று பல இடங்களைப் பார்த்து மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்பித் தர வேண்டும். மூன்றில் எதை விட்டாலும் உறவு முறியும்.

உங்கள் வீட்டுப் பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்த்தால் இது அப்படியே இருக்கும். அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போகும் முன் நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு வைத்தது எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைக்கிறோம். வாங்கிய தொகையை மறுநாளே அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குத் தீர்ந்துவிடும், கூடவே உறவும் தீர்ந்துவிடும். இடையில் விடும் காலம்தான் உறவைப் பிடித்துவைக்கிறது என்பதைப் பிறகு அழுத்திச் சொன்னவர் பியர் போர்தியூ.

இதே மேஜையில் ராபர்ட் மெர்டனையும் முடித்துவிடலாம். ஒரு வழக்கம் வெளிப்படையாகச் செய்வது ஒன்று, யாரும் நினைக்காமல் அதனால் நடப்பது இன்னொன்று. வெளிப்படைப் பணி, மறைமுகப் பணி என்று 1949இல் அவர் பிரித்தார். காதணி விழாவின் வெளிப்படைப் பணி குழந்தைக்குக் காது குத்தி வாழ்த்துவது. வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவது, கடை வைப்பது, மண்டபத்திலேயே இன்னொரு கல்யாணப் பேச்சு தொடங்குவது, உள்ளூர் அரசியல்காரர் தன் செல்வாக்கை அளந்து பார்ப்பது எல்லாம் மறைமுகப் பணிகள். இதில் ஓர் எச்சரிக்கை. மறைமுகப் பணி என்று எழுதும்போது அது நல்லதாகவே இருக்க வேண்டியதில்லை. செய்முறைக்காகக் கந்து வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. கெடுதலாக முடிவதற்கு மெர்டன் தனிப் பெயரே வைத்திருக்கிறார்: பிறழ்பணி. விடைத்தாளில் இதைச் சேர்த்து எழுதுகிறவர்கள் குறைவு.

துர்கைம்: எது நம்மைச் சேர்த்து வைக்கிறது?

எமில் துர்கைம் 1858இல் பிறந்து 1917இல் இறந்தவர். மோஸ் இவருடைய மருமகன், அக்கா மகன். துர்கைமுக்கு முன்னால் இந்தத் துறைக்கு 1838 வாக்கில் பெயர் வைத்த ஆகஸ்ட் கோம்த், சமுதாயத்தை உயிரினத்தோடு ஒப்பிட்ட ஹெர்பர்ட் ஸ்பென்சர் இருவரும் வருவார்கள். கோம்தின் மூன்று நிலை விதி, அதாவது இறையியல், தத்துவம், அறிவியல் என்ற வரிசை, தேர்வில் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். கோம்தை ஆங்கிலத்தில் சுருக்கி 1853இல் வெளியிட்ட ஹாரியட் மார்ட்டினோ பெயரையும் விடாதீர்கள். கோம்தை விடக் கூர்மையாகச் சமூகத்தைப் பார்த்தவர் அவர் என்பது என் எண்ணம். இவர்களிடம் ரொம்ப நாள் நிற்க வேண்டாம். துர்கைமிடம் நில்லுங்கள்.

1895இல் அவர் சொன்ன சமூக உண்மை என்ற கருத்தைப் புரிந்துகொண்டால் பாதி சமூகவியல் புரிந்த மாதிரி. நமக்கு வெளியே இருக்கும், நம்மைக் கட்டாயப்படுத்தும்: இரண்டு அடையாளம். மொய் வைக்கச் சொல்லி யாரும் மிரட்டுவதில்லை. வைக்காமல் இருந்து பாருங்கள், கை கூசும். அந்தக் கூச்சம் நமக்குள் தோன்றினாலும் அதன் வேர் வெளியே இருக்கிறது. நாம் பிறக்கும் முன்பே அந்த வழக்கம் இருந்தது, நாம் போன பிறகும் இருக்கும். 1897இல் தற்கொலை பற்றி எழுதியபோதும் அவர் தனி மனிதரின் மனத்துக்குள் போகவில்லை. குழுவுக்குக் குழு, நாட்டுக்கு நாடு விகிதம் ஏன் வேறுபடுகிறது, ஆண்டுக்காண்டு ஏன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது என்று கேட்டார். ஒருவரைச் சமூகம் எவ்வளவு சேர்த்துப் பிடித்திருக்கிறது, எவ்வளவு ஒழுங்குபடுத்துகிறது என்பதில் விடை தேடினார்.

1893இல் எழுதிய உழைப்புப் பிரிவினைக்கும் அதே மண்டபம் போதும். முன்பெல்லாம் முதல் நாள் ராத்திரி பங்காளி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், ஆண்கள் அடுப்பு வெட்டுவார்கள், தேங்காய் துருவுவார்கள். எல்லோரும் ஒரே வேலை செய்கிறவர்கள், ஒரே நம்பிக்கை உள்ளவர்கள். அந்த ஒற்றுமையை எந்திர ஒருமைப்பாடு என்றார். இப்போது கேட்டரிங் ஒருவர், மேடை அலங்காரம் ஒருவர், டிரோன் கேமரா ஒருவர். ஒருவரையொருவர் முன்பின் தெரியாது, ஆனால் ஒருவர் வராவிட்டால் விசேஷம் நின்றுவிடும். இது உயிரிய ஒருமைப்பாடு. உறவு தளர்ந்துவிட்டதா, வேறு மாதிரி ஆகிவிட்டதா? இதற்கு உங்கள் அம்மாவிடம் ஒரு பதில், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரிடம் ஒரு பதில் வாங்கி எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் சொந்தமாக எழுத விஷயம் இருக்கிறது.

அப்புறம் சித்திரைத் திருவிழா. 1912இல் வந்த மதம் பற்றிய புத்தகத்தில் துர்கைம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி எழுதினார். அவர் அங்கே போனதில்லை. மற்றவர்கள் எழுதிய குறிப்புகளை வைத்து எழுதினார். மக்கள் ஒன்றாகக் கூடும்போது தனியாக இருக்கையில் இல்லாத ஒரு வேகம் பிறக்கிறது, அதைத்தான் புனிதமாக உணர்கிறார்கள் என்பது அவர் வாதம். கூட்டுக் கிளர்ச்சி என்று பாடத்தில் இருக்கும். இதைப் படித்துப் புரியவில்லை என்று மதுரைப் பிள்ளை சொன்னால் எனக்கு ஒப்பாது. கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நின்றிருப்பீர்கள். மறுநாள் விடியலில் வைகையில் குதிரை வாகனம் தெரிந்ததும் லட்சக்கணக்கானவர்களின் தொண்டையிலிருந்து ஒரே சத்தம் வரும். கையில் சர்க்கரைச் செம்பு, அதன் மேல் சூடம். பக்கத்தில் நிற்பவர் யார், என்ன ஊர் என்று தெரியாது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பீர்கள். துர்கைம் சொன்னது அதுதான்.

ஆனால் அவர் கேள்வி நிற்கும் இடமும் அங்கேயே இருக்கிறது. அழகர் வரும் வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக, அதாவது அவரை நிறுத்தி வழிபடும் ஒவ்வோர் இடத்திலும், நிற்பார். ஒவ்வொரு மண்டகப்படியும் ஒரு சமூகத்துடையது, ஒரு குடும்பத்துடையது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எந்த வரிசையில் மரியாதை? ஒன்றுகூடுவதைப் பற்றி அழகாகப் பேசும் துர்கைம் இதைக் கேட்க அவ்வளவாக உதவ மாட்டார். எல்லோரும் ஆற்றில் கூடிய இதே ஊரில், 1939 ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போகும்வரை, அவர்களுக்கு அந்தக் கோவில் மூடியே இருந்தது. சேர்த்து வைப்பதே யாரையோ வெளியே நிறுத்தியும் வைக்கிறது. இதை எழுதாமல் துர்கைமைப் பற்றி மட்டும் புகழ்ந்து எழுதும் விடையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மார்க்ஸ்: உடைமை யாரிடம்?

இதற்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும். அந்த மல்லியை மொட்டாகவே பறித்தாக வேண்டும், விரிந்தால் விலை போகாது. ஆகவே பறிக்கிறவர்கள் இருட்டோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். கூலி கிலோவுக்கு இவ்வளவு. முகூர்த்த நாளில் பூ விலை மளமளவென்று ஏறும், ஆடியில் விழும். பறிப்புக் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. விவசாயியும் தன் இஷ்டப்படி விற்க முடியாது. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் பூவை அங்கேதான் போட வேண்டும்.

கார்ல் மார்க்ஸ் சொல்வதைக் கேளுங்கள்: நிலம் யாருடையது, செடி யாருடையது, தராசு யாருடையது, உழைப்பை மட்டும் விற்பவர் யார்? உற்பத்திச் சாதனத்தின் உடைமையை வைத்து வர்க்கம் பிரிகிறது. உழைத்தவர் உண்டாக்கிய மதிப்புக்கும் அவருக்குக் கிடைத்த கூலிக்கும் நடுவில் உள்ளது உபரி. 1848இல் எங்கெல்சோடு சேர்ந்து எழுதிய அறிக்கை சின்னது, தமிழிலேயே கிடைக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். மூலதனம் முதல் பாகம் 1867. உழைத்தவருக்கே தன் உழைப்பின் பலன் அந்நியமாகிப் போகும் அந்நியமாதல் பற்றி அவர் 1844இல் எழுதிய குறிப்புகள் அவர் இறந்து பல காலம் கழித்து 1932இல்தான் முழுதாக அச்சாயின. விடிகாலையில் கூடை கூடையாகப் பூ பறிக்கிறவரின் தலையில் ஒரு முழம் பூ இருக்கிறதா என்று பாருங்கள். அந்நியமாதலை விளக்க அதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

மில் வேலை பார்த்த குடும்பம் என்றால் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக உண்டான ஹார்விபட்டி இன்றும் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே கேட்டுக்குள் ஒரே ஷிப்டில் போய் வந்தவர்கள், தங்கள் நிலைமை ஒன்று என்பதை உணர்ந்து சங்கமாகச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைத் தாத்தாக்களிடம் கேட்கலாம். அப்படி உணராதவரை வர்க்கம் வெறும் கணக்கில் இருக்கிறது. உணர்ந்த பிறகு களத்தில் இறங்குகிறது. மார்க்ஸுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

சி. ரைட் மில்ஸையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு வேலை போனால் அது அவருடைய தனிப்பட்ட துன்பம். ஒரு மில்லே மூடி, தெரு முழுக்க வேலை போனால் அது பொதுப் பிரச்சினை. தெருவில் உள்ள ஒவ்வொருவரும் தன் தலையெழுத்து என்று நொந்துகொண்டிருப்பதைப் பொதுப் பிரச்சினையாகப் பார்க்கத் தெரிவதையே 1959இல் அவர் சமூகவியல் கற்பனை என்றார். அரியர் வைத்துவிட்டு "நான் மக்கு டீச்சர்" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் சொல்வது மில்ஸைத்தான்.

வெபர்: சொன்னால் ஏன் கேட்கிறார்கள்?

மேக்ஸ் வெபர் (1864–1920) சற்றுக் கடினம். மூன்று விஷயத்தை மட்டும் முதலில் பிடியுங்கள்.

ஒன்று, எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நடத்திக்கொள்ளும் வாய்ப்பு ஆற்றல். அதை மற்றவர்கள் நியாயம் என்று ஒப்புக்கொண்டால் அது அதிகாரம். அதிகாரம் மூன்று வகை: மரபு தருவது, ஒரு மனிதரின் கவர்ச்சி தருவது, சட்டமும் விதியும் தருவது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றிலும் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் நடக்கவில்லை, அல்லது நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்தார். 2006இல்தான் முறையாக நடந்தது. சட்டம் கொடுத்த அதிகாரத்தை மரபு சார்ந்த ஆற்றல் பத்து ஆண்டு உட்கார விடாமல் வைத்திருந்தது. வெபரின் வகைகளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு, மார்க்ஸ் சொன்ன வர்க்கத்தோடு வெபர் நிற்கவில்லை. மரியாதையை வைத்து ஓர் அடுக்கு, கட்சி வலிமையை வைத்து ஓர் அடுக்கு என்று பிரித்தார். ஆந்த்ரே பெதெய் தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து 1965இல் எழுதியபோது சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒரு காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்து, பிறகு எப்படிப் பிரிந்துபோயின என்று காட்டினார். வெபரைப் படித்த கையோடு பெதெயைப் படித்தால் இரண்டும் எளிது.

மூன்று, 1904–05இல் வந்த புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய கட்டுரைகள். மதம்தான் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று வெபர் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். சில மத நம்பிக்கைகளுக்கும் ஒருவகைப் பொருளாதார நடத்தைக்கும் இருந்த பொருத்தத்தையே அவர் காட்டினார்.

சாதியைத் தள்ளிப்போடாதீர்கள்

நிறைய பேர் இந்திய சிந்தனையாளர்களை இரண்டாம் தாளுக்கு என்று ஒதுக்கிவைக்கிறார்கள். நான் நடுவிலேயே கொண்டுவந்துவிடுவேன்.

அம்பேத்கரிடம் தொடங்குங்கள். 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை சாதியின் சாரம் அகமணத்தில் இருக்கிறது என்றது. தன் குழுவுக்குள்ளேயே மணம் என்பதைக் காப்பாற்றத்தான் பெண்கள் மீது இத்தனை கட்டுப்பாடு என்று அன்றே விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தை ஒரு வாரம் கத்தரித்து ஒட்டி, எத்தனை விளம்பரத்தில் உட்பிரிவு வரை கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூறாண்டு கழித்தும் அவர் வாதம் அச்சில் இருக்கும்.

அடுத்து எம்.என். சீனிவாஸ். கீழடுக்கில் உள்ள சாதி மேலடுக்கின் சடங்கையும் உணவையும் பெயரையும் எடுத்துக்கொண்டு மேலேறப் பார்ப்பதை சமஸ்கிருதமயமாக்கம் என்றார். 1952இல் வந்த குடகர் பற்றிய நூலில் இது வருகிறது. எண்ணிக்கை, நிலம், அரசியல் பலம் உள்ள சாதியை ஆதிக்க சாதி என்றார். எதிரே லூயி துமோன். பிரெஞ்சுக்காரரான அவர் 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள் நடுவே தங்கி ஆய்வு செய்தவர். அந்த நூல் 1957இல் வந்தது. உலகம் படிக்கும் ஓர் ஆய்வு நம் பக்கத்து ஊரில் பிறந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். 1966இல் அவர் எழுதிய பெரிய நூல், தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலைதான் சாதியின் அடிப்படை என்றது.

இப்போது பயிற்சி. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6ஆம் தேதி அரசு இடித்தது. அந்தச் சுவரை துமோனின் தூய்மை–தீட்டு விளக்குகிறதா, சீனிவாஸின் ஆதிக்கம் விளக்குகிறதா, அம்பேத்கர் விளக்குகிறாரா? மூன்று பத்தி எழுதுங்கள். நானாக இருந்தால் துமோனுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். மேலிருந்து பார்த்தால் அவர் விளக்கம் ஒழுங்காகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதில் வலுக்கட்டாயம் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு பிரமலைக் கள்ளர்கள் மீதும் பாய்ந்தது. பிறந்ததாலேயே குற்றவாளி என்று கைரேகை வைக்கச் சொன்னார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. ஹோவர்ட் பெக்கர் 1963இல் சொன்ன முத்திரைக் கோட்பாட்டை, அதாவது ஒரு செயலைப் பிறழ்வாக ஆக்குவது அதன் மீது குத்தப்படும் முத்திரைதான் என்பதை, இந்த வரலாற்றோடு சேர்த்துப் படியுங்கள். இன்று ஆதிக்க சாதி என்று ஒரு பக்கம் எழுதும் அதே சமூகத்தைப் பற்றி இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே விடையில் தாங்கிப் பிடிக்கப் பழகுங்கள்.

மிச்சம் இருப்பவர்கள்

சார்ல்ஸ் கூலி, மீட், காஃப்மன் மூவரையும் ஓர் உட்காரலில் முடிக்கலாம். அடுத்தவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று நாம் நினைப்பதிலிருந்தே நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது என்றவர் சார்ல்ஸ் கூலி. குடும்பம், விளையாட்டுத் தோழர் போன்ற முதல்நிலைக் குழுவைப் பற்றி 1909இல் எழுதியவரும் அவரே. குழந்தை டீச்சர் விளையாட்டு விளையாடி அடுத்தவரின் இடத்தில் நின்று பழகுவதிலிருந்து தன்னை அறிகிறது என்பது ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். எர்விங் காஃப்மனுக்குத் திரும்பவும் மண்டபம்: பந்தியில் சிரித்தபடி "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணே" என்று கேட்கும் ஆள், சமையல்கட்டுக்குள் போனதும் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். ஆட்கள் முன்னால் ஒரு முகம், மறைவில் இன்னொரு முகம்: அவர் சொல்லும் முன்மேடை, பின்மேடை அதுதான்.

குறிப்பேடும் விடைத்தாளும்

நோட்டில் வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் கருத்தும் சிந்தனையாளர் பெயரும். பார்த்ததற்குக் கீழே தேதியும் இடமும் கட்டாயம். பேசுகிறவர்களிடம் நீங்கள் படிப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன ஆளுங்க என்று சாதியை எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அது மரியாதையும் இல்லை, உண்மையான பதிலும் வராது. அவர்கள் பேச்சிலேயே வரும், காத்திருங்கள். மொய் நோட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தாலும் பெயரையும் தொகையையும் போட்டோ எடுக்கக் கூடாது. உங்கள் குறிப்பில் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுங்கள். பதற்றம் உள்ள ஊர்களுக்கு ஆய்வு என்று கிளம்பிப் போக வேண்டாம். முதலாண்டு மாணவருக்குத் தன் தெருவே போதும்.

படிக்க, என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12ஆம் வகுப்பு சமூகவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடுக்கினால் பயப்பட வேண்டாம், நாளைக்கு ஒரு பக்கம் படித்தாலும் போதும். அம்பேத்கரின் எழுத்துகள் தமிழில் உண்டு. புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார இடமும் அமைதியும் கிடைக்கும். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

விடை எழுதும்போது முதல் பத்தியில் சிந்தனையாளரின் கேள்வி, அடுத்து கருத்து, அடுத்து உங்கள் உதாரணம், கடைசியாக அந்தக் கேள்வி நிற்கும் இடம். உதாரணம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. சொந்த ஊர்க் கதை சுவாரசியமாக இருக்கும் என்பதற்காக ஒரு பக்கம் எழுதிவிட்டு துர்கைமுக்கு இரண்டு வரி ஒதுக்கினால் மதிப்பெண் வராது. ஆண்டும் நூலும் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஆடியில் கல்யாணம், காதுகுத்து இருக்காது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அந்த மாதம் முழுக்க வெபரைப் படியுங்கள். ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிடும், பத்திரிகைகள் வரத் தொடங்கும். நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.